ஒரு நாள் எரியும் மெழுகுதிரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல்வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. ஊசி போட்டு, வாய் மரத்துப்போகும் வரை என்னை வெளியே இருத்தியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜோசப்பின் தானாகவே பேசிக்கொண்டு போனார். குறுக்கே கேள்வி கேட்க என் பாதி வாய் வேலை செய்யவில்லை. எழுத்தாளர்கள் வாயைத் திறக்க முடியாத நேரத்தில்தான் அவர்களுக்கு நல்ல கதைகள் அகப்படுகின்றன.

பிறகு ரொறன்ரோவின் கிழக்கே ரூஜில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சில தடவை போய், தேநீர் குடித்து, மிச்சத்தைக் கேட்டுக்கொண்டேன்.

"எழுதுங்கோ அக்கா. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் அனுப்போணும்" என்றார்.

தலையாட்டிவிட்டேன். அதற்கான தண்டனையை இந்தக் கதை முழுவதும் அனுபவித்திருக்கிறேன். நீங்களே பார்ப்பீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: "2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோன அன்று, ரொறன்ரோவில் ஒரு பெண்—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் வாசகர் உடனே முகத்தைத் துக்க வீட்டு முகமாக மாற்றிக்கொள்வார். அந்த முகத்தோடு எதையும் சரியாகக் கேட்க முடியாது.

தொடக்கம் இரண்டு: "பிள்ளைகள் எல்லோரும் கண்களைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், விரல்களுக்கு இடையால் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்."

இது இருக்கட்டும்.

பாதேர்ஸ்ட் வீதியின் வடக்கே ஒரு யூதப் பாலர் பள்ளி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். அங்கே ஜோசப்பின் உதவி ஆசிரியை. வகுப்பின் ஆசிரியை ஷோஷானா. வெள்ளிக்கிழமை காலைகளில் அங்கே ஷபாத் ஓய்வுநாளை வரவேற்கப் பழக்குவார்கள். ஒரு பிள்ளை அன்றைக்கு அம்மா. தலையில் சிறு துணி போட்டு இரண்டு மெழுகுதிரிகளின் முன் நிற்கும். இன்னொரு பிள்ளை அப்பா. வைனுக்குப் பதிலாக முந்திரிகைச் சாறு ஊற்றிய கிண்ணத்தைச் சிந்தாமல் தூக்க வேண்டும். பின்னிய பாண் ரொட்டி ஒன்று துணிக்குக் கீழே இருக்கும். திரி கொளுத்தியதும் எல்லோரும் கண்களைப் பொத்தி எபிரேயத்தில் வாழ்த்துச் சொல்வார்கள்.

ஜோசப்பின் முல்லைத்தீவுக் கத்தோலிக்கர். அங்கே வேலை செய்த நாலு வருடத்தில் அந்த வாழ்த்துகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.*

* இந்த இடத்தில் அவர் வீட்டில் புட்டு அவிக்கும்போது எபிரேயப் பாட்டை முணுமுணுப்பார் என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "புட்டு அவிக்கேக்கை நான் பாடுறேல்லை. ரேடியோ போடுறனான்" என்றார். அழகான வசனம் ஒன்று போயிற்று.

3

இனி பேனாட். ஜோசப்பினின் தம்பி, வயது நாற்பத்தொன்று. வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். கோயில் பாட்டுக்குழுவில் எப்போதும் மற்றவர்களுக்கு ஒரு சொல் பின்னால் பாடுபவன். அந்த வருட ஜனவரியில் முல்லைத்தீவிலிருந்து கடைசியாகக் கதைத்தபோது யுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, இந்த அமளிக்குள் அதுகளையும் காவிக்கொண்டு திரிகிறோம் என்று சிரித்தானாம். அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டதென்ற செய்தி வந்த திங்கட்கிழமை கனடாவில் விக்டோரியா தின விடுமுறை. பொழுதுபட்டதும் பக்கத்துப் பூங்காவில் வாணவேடிக்கை நடந்தது. ஜோசப்பினின் கணவர் மரியரட்ணம் எழுந்து போய் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். வெக்கையான வீட்டுக்குள் இருவரும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தார்கள்.*

* இதை நான் புனையவில்லை. சந்தேகமென்றால் அந்த வருட நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். புனைந்திருந்தால் இவ்வளவு துணிச்சல் எனக்கு வந்திராது.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனார்.

"எப்படிப் போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸிலை" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரங்கி, "பிள்ளையள் வருவினம்தானே அக்கா" என்றார்.

4

அடுத்த கிழமை ஷாவுவோட் பண்டிகை. சீனாய் மலையில் தோரா என்ற வேதம் கிடைத்ததைக் கொண்டாடும் நாள். வகுப்பில் காட்போட் பெட்டிகளை அடுக்கிப் பச்சைத் தாள் ஒட்டி மலை செய்துகொண்டிருந்தார்கள். தம்பியின் விஷயத்தைக் கேள்விப்பட்ட ஷோஷானா செவ்வாயன்றே ஜோசப்பினைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வெள்ளி நீங்கள்தான் எங்கள் அம்மா, உங்கள் தம்பிக்காகப் பிள்ளைகள் பிரார்த்திப்பார்கள் என்றார். ஜோசப்பின் சரி என்றார்.

வியாழன் வேலை முடிந்து வரும் வழியில், யூதர்களின் பலசரக்குக் கடையில், கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றிய வெள்ளை மெழுகுதிரி ஒன்றைக் கண்டார். ஒரு முழு நாள் எரியும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். பண்டிகைக்காக நிறைய அடுக்கியிருந்தார்கள்.

"மாதாவுக்கு முன்னாலை வைக்கிற சின்னத் திரி பூசை முடிய முன்னம் நூந்து போகும். இது முழு நாளும் நிண்டெரியும் எண்டால் நல்லதுதானே. அவன் எங்கை இருந்தாலும் ஒரு நாள் முழுக்க வெளிச்சம்."

[இந்த இடத்தில் வாசகர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது யூதர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காகக் கொளுத்தும் திரி. ஆண்டு நினைவுநாளிலும், சில பண்டிகைகளிலும், வீட்டில் எரியும். பாலர் பள்ளிக்குள் அதைக் கொண்டுவருவதில்லை. நாலு வருடமாகியும் ஜோசப்பினுக்கு அது தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.]

5

வெள்ளிக்கிழமை. தலையில் துணி போட்டுக்கொண்டு ஜோசப்பின் மேசைக்கு முன்னால் நின்றார். இரண்டு ஷபாத் திரிகளுக்குப் பக்கத்தில் தன் பையிலிருந்து குவளையை எடுத்து வைத்தார்.

ஷோஷானா தீக்குச்சியை எடுத்தவர், உரசவில்லை.

இந்த ஷோஷானாவோடுதான் எனக்குப் பெரும் பாடு. முதல் பிரதியில் அவரை ஞானியாக்கினேன். கையைப் பிடித்து, எல்லாவற்றையும் விளக்கி, கண்ணீர் துடைத்தார். சகிக்கவில்லை. இரண்டாவதில், ஒன்றும் தெரியாததுபோல் திரியைக் கொளுத்தினார். அது பொய். அந்த வகுப்பில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: பிள்ளை கேட்ட கேள்வியைப் பதில் இல்லாமல் விடக்கூடாது, பதிலில் பொய் கலக்கக்கூடாது. அப்படிப்பட்டவர் என்ன செய்வார்? உண்மையில் அவர் செய்தது, குச்சியோடு நின்றதுதான்.

பேசியது டாலியா, வயது நான்கு. அவளுடைய ஆங்கிலத்தை எங்கள் பேச்சுத் தமிழாக்கிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஆகவே வெறும் தமிழில் தருகிறேன்.

"அது செத்தவர்களுக்கு வைப்பது. எங்கள் தாத்தாவுக்கு அப்பா வைப்பார்."

ஷோஷானா குனிந்து சொன்னார்: ஆமாம், அதற்கும் வைப்போம். வேறு ஒன்றுக்கும் வைப்போம். பண்டிகை நாளில் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது அல்லவா? சமைக்க நெருப்பு எடுப்பதற்காக இப்படி ஒன்றை முதலே கொளுத்தி வைத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் பொய் இல்லை.

டாலியா மேசையை ஆராய்ந்தாள். "ஜோசப்பின் ஒன்றும் சமைக்கவில்லையே. யார் செத்தது?"

எல்லாப் பிள்ளைகளும் ஜோசப்பினைப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் கிழமை அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், அகதி முகாம்களில் விசாரிக்கலாம் என்றார்கள், செஞ்சிலுவைச் சங்கம் என்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார் ஜோசப்பின். "என்னுடைய தம்பி. உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது."

டாலியா யோசித்தாள். "அப்படியென்றால் இப்போது கொளுத்தாதே. தெரிந்த பிறகு கொளுத்து."

ஜோசப்பின் குவளையை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஷோஷானா மற்ற இரண்டு திரிகளையும் அவரைக் கொண்டு கொளுத்துவித்தார். பிள்ளைகள் கண்களைப் பொத்தி வாழ்த்துச் சொன்னார்கள். ஜோசப்பினும் கண்களைப் பொத்திக்கொண்டு, நாலு வருடத்தில் முதல் தடவையாக—

"நான் பொத்தேல்லை அக்கா. நெருப்புக்குப் பக்கத்திலை பிள்ளையள். நானும் கண்ணை மூடினால் ஆர் பாக்கிறது?"

6

இப்போது நவம்பர். குவளை ஜோசப்பின் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் கொளுத்தாமல் இருக்கிறது. முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் பேனாட் இல்லை. இறந்தவன் என்றும் யாரும் சொல்லவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

(அ) ஒரு மாலை அவர் திரியைக் கொளுத்துகிறார். மரியரட்ணம் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஒரு நாள் முழுக்க எரிகிறது. இதுதான் நன்றாக அமைந்தது.

(ஆ) பேனாட்டிடமிருந்து தொலைபேசி வருகிறது. இதை எழுதி முடித்த கையோடு கிழித்தேன். இல்லாத ஒன்றை அவருக்கு எப்படி வாசித்துக் காட்டுவது?

(இ) குவளை கைதவறி விழுந்து— இது கோழைத்தனம்.

முதலாவதை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். ஜோசப்பின் கடைசி வரை கேட்டார். பிறகு கேட்டார்:

"கொளுத்திப் போட்டியளோ?"

"கதையிலைதானே ஜோசப்பின்."

"கதையிலை எண்டாலும் அது என்ரை கைதானே."

அவர் கோபப்படவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"உங்களுக்கு முடிக்கோணும். விளங்குது. எனக்கு முடியேல்லை அக்கா. நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பேனாட்டைக் கொல்லும் உரிமை இல்லை. உயிரோடு கொண்டுவரும் வல்லமையும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இத்தனை வருடம் எழுதியும்.

வாசகரே, முடிவு இல்லாமல் உங்களால் முடியாது என்றால், உங்களுக்கு எது நடந்திருக்கும் என்று தோன்றுகிறதோ அதை நீங்களே ஜோசப்பினுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் தொலைபேசியில் கூப்பிடலாம். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். மே மாதத்திலிருந்து அப்படித்தான் எடுக்கிறார்.