பின்பக்கத்தில் எழுதியவளுக்கு

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, கூடவே ஸ்டாம்பு ஒட்டிய சுயவிலாசக் கவர். எழுதியவள் பத்தாம் வகுப்புப் பெண். எங்கள் சபைப் பத்திரிகையில் பெண்பிள்ளைகளுக்குப் பதில் எழுதும் ‘அக்கா’ நான்தான். இருபத்திரண்டு வருடமாக நான்தான். பக்கத்தின் மேலே இருக்கும் படத்தில் எனக்கு முப்பது வயது. அந்தப் படத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

சிறப்பிதழுக்கு ஒரு கதை வேண்டும் என்று ஆசிரியர் ஐயா கேட்டிருக்கிறார். தலைப்பு: பொறுமை, விசுவாசம், அன்பு. மூன்றையும் ஒரே பெண்ணிடம் காட்ட வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்குத் தெம்பு வர வேண்டும். அப்படி ஒரு பெண் கிடைத்துவிட்டாள். அவள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். முதல் குரலுக்கு அடியில் துணைக்குரல் பாடுவதால் குழுவில் அவளை ‘ரெண்டாங்குரல்’ என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடப் போகிறேன்.

ஆக, தொடக்கம்:

ரெண்டாங்குரலுக்குச் சோதனை வந்தது. ஆனால் அவள் முணுமுணுக்கவில்லை. முழங்காலில் நின்றாள். காத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு

[இதை இப்படியே விடுகிறேன். முகத்தில் ஒரு ஒளி என்று முடியும். எழுதி எழுதிக் கை பழகிய வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.]

2

இன்னொரு தொடக்கம்:

அன்புத் தங்கையே, உனக்கும் ஒரு நாள் காத்திருக்கும் காலம் வரும். அப்போது இந்த அக்காவை நினைத்துக்கொள். நானும் உன் வயதில்

[உன் வயதில் நான் எதற்கும் காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்குக்கூட. அடித்துவிடலாம்.]

3

இப்போது நிம்மதியாகப் பேசலாம். இதுவரை எழுதியது ஒரு பக்கம் வந்திருக்கும். ஆசிரியர் ஐயா முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. நல்ல மனுஷர், ஓய்வுபெற்ற போதகர், கண்ணில் புரை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தார். "முதல் பக்கத்தப் பாத்தா போதும்மா. மிச்சம் தானா தெரிஞ்சுடும். கொட்டிக் கிடக்குற கடுதாசியெல்லாம் கடைசி வரைக்கும் படிச்சா நமக்குக் கண்ணு மிஞ்சாது."

நான் அதை ஒரு படி மேலே கொண்டுபோனேன். என் மேசையில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். ஒன்றில் பொறுமை, ஒன்றில் விசுவாசம், ஒன்றில் அன்பு என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. கடிதத்தைப் பிரிப்பேன். முதல் பக்கத்தில் எந்த வார்த்தை கண்ணில் படுகிறதோ அந்தத் தட்டு. அன்புத் தட்டு எப்போதும் வழிந்துகொண்டிருக்கும். பாதிக்கு மேல் டியூஷனில் எதிர் பெஞ்சில் உட்காரும் பையன்களைப் பற்றியது. ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு பதில்கள் தயாராக இருக்கின்றன. பெயரை மாற்றி, தேதியைப் போட்டு, கவரில் வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. பத்திரிகையில் பதில் வர மூன்று மாதம் ஆகும். கவர் வைத்தவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை உண்டு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பதும் நாங்கள்தான். முதலில் வாழ்த்து, பிறகு நன்றி, பிறகு உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கிறேன், அதற்குப் பிறகுதான் சொந்த விஷயம். எடுத்த எடுப்பில் தன் கஷ்டத்தைச் சொல்வது மரியாதை இல்லை. மரியாதையான பெண்ணுக்கு விஷயத்துக்கு வருவதற்குள் முதல் பக்கம் தீர்ந்துவிடும். மரியாதை கற்றுக்கொடுத்ததும் நாங்கள், முதல் பக்கத்தோடு நிறுத்தியதும் நாங்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த இரண்டையும் நான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.)

ரெண்டாங்குரல் மரியாதையான பெண். முதல் பக்கம் முழுக்க வாழ்த்தும் நன்றியும் பாடகர் குழுச் செய்தியும். கடைசி வரி: ‘கொஞ்ச நாளாக ஒரு விஷயத்தில் பொறுமையாக இருக்க முடியவில்லை, அக்கா.’ பொறுமைத் தட்டு. மூன்றாம் எண் பதில். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

4

போன மாதம் அவளும் அவள் அப்பாவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். காலை பதினொரு மணி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். சீருடைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர். உள்ளே வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க பில்டிங் லிஃப்ட்ல ஒரு சத்தம் வருது. கீழ வாட்ச்மேன்கிட்ட சொல்லி நிறுத்திட்டுத்தான் படியேறி வந்தோம்."

"அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு பிரதர். நல்லாத்தான் ஓடுது."

"அப்படி விடக் கூடாது சிஸ்டர். சத்தம் வந்தா அன்னைக்கே பாத்துடணும். நாள் போனா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அவள் தன் இடது பக்கம் என்னைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தது மட்டும் வினோதமாக இருந்தது.

அப்பா நன்றி சொல்ல வந்திருந்தார். இதை நிறுத்தி வாசியுங்கள்: நன்றி சொல்ல. மகளுக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. ஒரு ஞாயிறு காலை எழுந்தபோது அடைத்திருந்ததாம். குடும்பமாக உபவாசமிருந்து ஜெபித்தார்களாம். இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது, முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம், காப்பாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, இனிமேல் கஷ்டம் என்று சொன்னாராம்.

"எங்களுக்கும் மனசு ஆடிப்போச்சு சிஸ்டர். ஆனா உங்க பதில் கையில இருந்துச்சு. அவசரப்படாதேன்னு எழுதியிருந்தீங்க. மனுஷங்க காட்டுற குறுக்குவழியில ஓடாதே, அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படிஞ்சு காத்திருன்னு. குடும்ப ஜெபத்துல நானே சத்தமா வாசிச்சேன். அதுலதான் நின்னோம். காது போனாலும் பிள்ளை ஒரு வார்த்தை முணுமுணுக்கல. இத சாட்சியா போடுங்க, நாலு பிள்ளைங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

மூன்றாம் எண் பதில். குறுக்குவழி என்று நான் எழுதியது பரீட்சையில் பிட் அடிப்பதை மனதில் வைத்து. அந்தக் குடும்பத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது.

அப்பா ஆசிரியர் அறைக்குப் போனார். அவள் தன் கேட்கிற காதை என் பக்கம் கொண்டுவந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என் லெட்டர்ல பின்பக்கம் படிச்சீங்களா?"

பின்பக்கம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"படிச்சேன்மா," என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. முழுசாகப் படித்தீர்களா என்று எல்லாரும்தான் கேட்பார்கள், எல்லாரிடமும் இதைத்தான் சொல்வேன்.

அவள் முகம் தளர்ந்தது. பல நாள் சுமந்ததைக் கீழே வைத்தவள் மாதிரி இருந்தாள். "அப்ப சரிக்கா. எனக்கு அது ஒண்ணுதான் உறுத்திட்டே இருந்துச்சு. நீங்க அதையும் படிச்சிட்டுத்தான் காத்திருன்னு சொன்னீங்கன்னா, இதுல ஏதோ அர்த்தம் இருக்கும். ஆண்டவர் சும்மா விட்டிருக்க மாட்டாரு."

"இப்ப பாட்டு?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான்.

"பாடறேன்கா. பக்கத்துல நிக்கிற பொண்ணு இந்தப் பக்கம் வந்து நின்னா சுருதிய ஓரளவுக்குப் பிடிச்சுக்குவேன். முன்ன மாதிரி இல்ல."

5

அவர்கள் படியிறங்கியதும் கடிதத்தைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி. பின்பக்கம் இதுதான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

‘அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை முதல் வலது காது கேட்கவில்லை. உள்ளே விசில் சத்தம் வருகிறது. பக்கத்து வீட்டு நர்ஸ் ஆன்ட்டி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நாளைக் கடத்தாதே என்கிறார். அப்பா ஒரு மாதம் ஜெபித்துப் பார்ப்போம் என்கிறார். நான் பிடிவாதம் பிடித்தால் அது விசுவாசக் குறைவா? எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் போகலாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அப்பா கேட்பார். உங்கள் பதில்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். சீக்கிரம் எழுதவும்.’

நான் சீக்கிரம் எழுதினேன். தபால் முத்திரையைப் பார்த்தேன். கணக்குப் போட்டால், காது அடைத்த ஒன்பதாவது நாள் என் பதில் அவளுக்குக் கிடைத்திருக்கும்; டாக்டர் சொன்ன இரண்டு வாரம் அப்போது முடியவில்லை.

6

இனி முடிவு. பத்திரிகைக் கதைக்கு முடிவு இல்லாமல் இருக்க முடியாது.

முடிவு அ: ஆராதனை நடக்கிறது. பாட்டின் நடுவில் அவள் வலது காதில் திடீரென்று

[இல்லை. இப்படி ஒரு கதையைப் பதினான்கு வருடத்துக்கு முன் நானே எழுதியிருக்கிறேன். அதில் கண். அவள் அப்பாவின் நோட்டில் அதுவும் ஒட்டியிருக்கலாம்.]

முடிவு ஆ: நான் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். அவள் அழுகிறாள், பிறகு என் கையைப் பிடித்து, மன்னிச்சுட்டேன்கா என்கிறாள்.

[இதில் எனக்குத்தான் நிம்மதி. காதைக் கொடுத்தவளே மன்னிப்பையும் கொடுக்க வேண்டுமா?]

முடிவு இ: நான் சொல்லவே இல்லை. அவள் காது ஒரு அர்த்தத்துக்காகப் போனது என்று நம்பி வளர்கிறாள். நாளைக்கு அவள் மகளுக்கு நெஞ்சு வலித்தாலும் காத்திருக்கச் சொல்கிறாள்.

இந்த மூன்றாவதை எழுதியபோது பேனாவை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவளுடைய காது ஒன்றுக்குமில்லாமல் போனதாகிவிடும். ஒரு சோம்பேறி தாளைத் திருப்பாததால் போனது. அதைத் தெரிந்துகொண்டு பதினாறு வயதில் ஒரு பெண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? சொல்லாவிட்டால் அவள் நிற்பது என் பொய்யின் மேல். ஜெபித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த விசுவாசத்தில் எனக்கென்று ஒரு துளி எடுத்துவைத்திருக்கலாம். தட்டில் கையை விட்டால் காகிதம்தான் அகப்படுகிறது.

[அன்பு என்பது பின்பக்கத்தையும் படிப்பது. — இந்த வரியை அடித்துவிட்டேன். தேன் தடவிய வரி. பிரேம் போட்டு மாட்டுவார்கள்.]

படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்குத் தெம்பாக ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். உடம்பில் வலியோ சத்தமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போகும் வழியில் ஜெபியுங்கள். வீட்டில் கேட்காவிட்டால் பள்ளியில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், அடம்பிடியுங்கள். அதனால் யாருடைய விசுவாசமும் குறையாது. இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. அன்றைக்கு அவளுக்கு எழுதவும் இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

7

டைப் செய்யும் பெண்ணிடம் இதுவரைக்கும் கொடுத்தேன். இந்த அலுவலகத்தில் எல்லாப் பக்கமும் படிக்கிற ஒரே ஆள் அவள். படிக்காமல் அடிக்க முடியாதே. ஐந்தாம் பகுதியில் அவள் விரல்கள் நின்றன.

"அக்கா, இதையும் அடிக்கணுமா?"

"அடிம்மா."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"முதல் பக்கம் பாத்துட்டாரு. அருமையான சாட்சின்னு சொன்னாரு."

"வேலை போயிடும்கா," என்றாள். பிறகு அடிக்க ஆரம்பித்தாள்.

8

ரெண்டாங்குரல், நீ பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பதாக முதல் பக்கத்தில் எழுதியிருந்தாய். அதனால் இது வரைக்கும் வந்திருப்பாய். முந்தின பகுதிகளிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நீ கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

படிக்கவில்லை, பெண்ணே. நான் திருப்பவே இல்லை.

நீ கேட்டது சரி. உன் பயம் சரி. உன் பயத்தைப் படித்துவிட்டுக் காத்திரு என்று இங்கிருந்து யாரும் சொல்லவில்லை. ஆண்டவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. ஒரு காகிதம் சொன்னது. இதில் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்காதே. என்னிடம் இல்லை. வேறு எங்காவது இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. கீழே இடம் விடுகிறேன். அப்பாவிடம் இதைக் காட்டுவதா, பத்திரிகையைக் கிழிப்பதா, தொடர்ந்து பாடுவதா, நம்புவதா விடுவதா என்பதெல்லாம் உன் கையில். எனக்கு எழுதத் தோன்றினால் வாழ்த்து வேண்டாம், நன்றி வேண்டாம், கவரும் வேண்டாம். முதல் வரியிலேயே திட்ட ஆரம்பி. பழக்கம் விடாமல் மரியாதையாகவே எழுதினாலும் சரி. தாளைத் திருப்பிப் பார்ப்பேன்.

……………………………………

……………………………………

……………………………………