எடுத்துக்கொடுக்காத அடி

எர்சிலியாவுக்கு வேலை மேடைக்கு அடியில். மேடை விளிம்பில் ஒரு குழி, அதற்கு மேல் ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். பாடுகிறவர்களுக்கு மட்டும் அவளுடைய முகமும் கையும் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் இவள் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். இருபத்தேழு வருஷமாக அதே குழி, அதே முதுகுவலி.

இந்தத் தடவை ஒரே மாலையில் இரண்டு இசை நாடகம். இரண்டும் சின்னது, ஒவ்வொன்றும் ஒரே அங்கம். முதலாவது மீனவர் கதை, இரண்டாவது மாவு மில் கதை. ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான். முன்னதில் நெவியோ படகுக்காரன், பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுச் சாகிறவன். பின்னதில் மில்காரன், ஓடிப்போன மகளுக்காகக் காத்திருக்கிறவன். நடுவில் இருபது நிமிஷம். அதற்குள் தாடியைப் பிய்த்துவிட்டு மாவைப் பூசிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். தாடியைப் பிய்த்துவிடலாம், தலைக்குள் ஒட்டிக்கொண்ட முதல் கதையை எப்படிப் பிய்ப்பது? அறுபத்து நாலு வயசில் நெவியோவுக்கு அங்கேதான் சிக்கல்.

ஒத்திகை தொடங்கின அன்றே குழிக்குள் குனிந்து அவளிடம் சொல்லிவிட்டான்.

"எர்சிலியா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோகுது. உன் வாயைப் பார்த்துத்தான் பாடப்போறேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே."

"என் பொழைப்பே மூச்சு விடறதுதான்யா. இதை விடமாட்டேன், போ."

"இந்த நாலு காட்சிதான். பாடி முடிச்சுட்டு நானே கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன். அதுக்கு முன்னாடி யாரும் என்னைத் தள்ளிவிடக் கூடாது."

மூன்று வாரம் ஒரு வார்த்தை விடாமல் ஊட்டினாள். இசையை நடத்துகிற லாப்போ சின்னப் பையன், ஆனாலும் எல்லோருக்கும் அவன் 'மாயெஸ்த்ரோ'. "இந்த வயசுல என்ன ஞாபகசக்தி!" என்று அவன் வாயைப் பிளந்தான். எர்சிலியா குழிக்குள் சிரித்துக்கொண்டாள்.

எல்லாம் சரிதான். ஆனால் நெவியோவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஏறுவதற்கு ஒரு மாற்று ஆள் வைத்திருந்தார்களே, அது யார்? அவள் பெற்ற பிள்ளை ஃபோஸ்கோ. முப்பத்து நாலு வயசு. ஆறு வருஷமாக ஊர் ஊராக மாற்று ஆள். மேடையின் ஓரத்தில் நின்று கழுத்துத் துணியைத் திருகிக்கொண்டிருந்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் காபியைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "அம்மா, உல்லாசக் கப்பல்ல சாப்பாட்டு நேரத்துல பாடற வேலை ஒண்ணு வந்திருக்கு. போயிடலாம்னு பார்க்கறேன்." குறையாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. அதுதான் அவளைக் குடைந்தது.

அன்று மத்தியானம் முழு ஒத்திகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓய்வூதியக்காரர்களுமாகக் கொட்டகை நிரம்பியிருந்தது. முதல் நாடகம் வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவதில் ஓடிப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அப்பன் பாட வேண்டியது இதுதான்: "கதவு திறந்தேதான் இருக்கு, உள்ளே வா மகளே."

நெவியோவின் கண் குழிக்கு இறங்கியது. எர்சிலியா வாயை மூடிக்கொண்டாள்.

என்றைக்கிருந்தாலும் வெளியே வரப்போகிற விஷயம்தானே, முதல் காட்சியில் ஊர் முன்னால் மானம் போவதைவிட ஒத்திகையில் போகட்டுமே, அவன் நல்லதுக்குத்தானே. இதெல்லாம் அவள் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அத்தனையும் புளுகு. அந்த நொடியில் அவள் மனதில் இருந்தது ஃபோஸ்கோ காபி கலக்கின கை. வேறு ஒரு மண்ணும் இல்லை.

நெவியோ பார்த்தான், திரும்பவும் பார்த்தான். இசை காத்திருக்குமா? மகளைப் பார்த்துக் கை இரண்டையும் விரித்து, கேட்டவர் நெஞ்சு உருகுகிற அந்தக் குரலில் பாடினான்: "வலையைத் தூக்குங்கடா, மீன் அழுகுது!"

பிள்ளைகள் நாற்காலியில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மகளாக நின்றவள் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

லாப்போ குச்சியைக் கீழே வைத்தான். "சிஞ்ஞோரா எர்சிலியா, நீங்க எடுத்துக் கொடுக்கலையா?"

எர்சிலியா குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"கொடுத்தாங்க, மாயெஸ்த்ரோ" என்றான் நெவியோ. "வாய் அசைஞ்சதை நான் பார்த்தேன். என் தலைதான் காலி. பையனை ஏத்திடுங்க." மாவுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். முதுகு அப்படியே கூனிப்போயிருந்தது.

இரண்டு நாள் அவளுக்குத் தொண்டையில் ஒரு வாய் இறங்கவில்லை. வீட்டில் ஃபோஸ்கோ குளியலறையிலும் பாடினான், படிக்கட்டிலும் பாடினான். கேட்கும்போதெல்லாம் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முதல் காட்சி. ஒரு மணிக்கெல்லாம் நெவியோவைத் தேடிப் போனாள். கொட்டகைக்குப் பக்கத்துக் காபிக்கடையில், வறுத்த ஆலிவ் தட்டு ஒன்றைத் தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நெவியோ, அன்னிக்கு நான் வாயே திறக்கலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"இருபத்தேழு வருஷமா உன் வாயையே பார்த்துக்கிட்டிருக்கேன். மூடியிருந்தா தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன்யா பொய் சொன்னே?"

"நிஜத்தைச் சொன்னா உன்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பானுங்க. அப்புறம் உன் பையனுக்கு யாரு எடுத்துக் கொடுப்பா? முதல் மேடை. ரெண்டு கதையில எதுன்னு புரியாம திருதிருன்னு முழிப்பான். அந்த முழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

எர்சிலியா முந்நூறு பேர் போய்வருகிற கடையில் விக்கி விக்கி அழுதாள். "என்னைத் திட்டேன்யா. நாலு வார்த்தை நாறத் திட்டிடு."

"மாட்டேன். திட்டினா உனக்குப் பாரம் இறங்கிடும்." தட்டை அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடு. வெறும் வயித்தோட குழிக்குள்ள இறங்காதே. பையன்கிட்ட எதையும் உளறி வைக்காதே, தொண்டை அடைச்சுக்கும் அவனுக்கு. நீயே வெச்சுக்கோ."

ஃபோஸ்கோ பாடினான். ஒவ்வொரு வரிக்கும் குழியைப் பார்த்தான், ஒவ்வொரு வரியையும் அவள் கொடுத்தாள். கதவு திறந்தேதான் இருக்கு என்று அவன் பாடினபோது மேல்மாடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். திரை விழுந்து, ஏறி, மறுபடி விழுந்து ஏறியது. மூன்றாம் வரிசையில் நெவியோ எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தான், முதலில் எழுந்தவனே அவன்தான்.

ஃபோஸ்கோ மேடை விளிம்பில் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரிய உயர்த்தினான். "எங்கம்மா!" என்று கத்தினான். கொட்டகையே அவளுக்காகத் தட்டியது. எர்சிலியாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஏற்கெனவே மேடைக்கு அடியில்தான் இருந்தாள், அதற்குக் கீழே போக இடமில்லை.