துவைக்கக் கூடாத நாள்

கனகமணி புருஷனின் சாறனைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடிக்கிற அடி நாலு வீட்டுக்குக் கேட்கவேண்டும். நாலு வீடு என்று சொல்ல அங்கே வீடு ஏது? களுவாஞ்சிகுடித் தெருவோரம் வரிசையாக இழுத்துக் கட்டிய படங்குக் கூடாரங்கள், அந்த வரிசையின் கடைசியில் ஷெல் சிதறி முன்கண்ணாடி போன ஒரு பழைய வேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் சண்டை தொடங்கி ஊரே ஓடிவந்த நாளிலிருந்து, இரண்டரை மாதமாக, அந்த வேனுக்குள்தான் அவர்களுக்குப் படுக்கை, சண்டை, சமாதானம் எல்லாம். அதற்குள்தான் இன்று விடிகிற நேரத்தில் அவள் புருஷனின் மூச்சு நின்றது.

"என்னகா, இண்டைக்கு இந்த அடி அடிக்கிறாய்? கல்லு ரெண்டாப் பிளக்கப் போகுது!"

கண்ணகை வாளியோடு நின்றாள். சொந்த ஊரான பழுகாமத்தில் பக்கத்து வளவுக்காரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். எந்தச் செத்தவீட்டிலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையதுதான்.

"ஊருக்குப் போகக்குள்ள நாறிக்கொண்டா போற?" என்றாள் கனகமணி, நிமிராமல்.

"அதுவும் மெய்தான். அண்ணனுக்கு எப்பிடி?"

"அதே காய்ச்சல்தான். படுத்திருக்கார்."

கண்ணகை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? செத்தவீட்டுத் துணியை வீட்டுப் பெண்கள் தண்ணீரில் நனைப்பதில்லை. துணி வெளுக்கும் கட்டாடி வந்து மூட்டையாகக் கட்டி எடுத்துப் போவார். அதுவரை கொடியில் ஒரு கந்தல்கூட ஏறாது. ஆகவே ஒருத்தி குனிந்து நின்று துவைக்கிறாள் என்றால் அவள் வீட்டில் சாவு இல்லை. அதைவிடப் பெரிய அத்தாட்சியை எந்த அரசாங்கக் கந்தோரிலும் வாங்க முடியாது. அந்த அத்தாட்சியைத்தான் கனகமணி சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிணறோ சுனாமியில் உப்பேறியது. எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. பாழாய்ப்போன தண்ணீர்.

விடிகாலையில் மகள் கலாஜினி "அப்பா" என்று வாயைத் திறந்தபோது, கனகமணி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

"அழாத. அழுதியெண்டா அப்பா இஞ்சதான்."

எட்டு மணிக்குப் பட்டிருப்புப் பாலம் திறக்கிறார்கள். பழுகாமத்துச் சனம் திரும்பிப் போக இன்று முறை. பட்டியலில் உள்ள தலைகளை ஆமிக்காரன் ஒவ்வொன்றாக எண்ணித்தான் விடுவான். ஒரு சாவு என்று தெரிந்தால் பொலிஸ் வரும், விசாரணை வரும், பிரேதம் மட்டக்களப்புக்குப் போகும். அந்தக் குடும்பத்தின் பேரை வெட்டிவிடுவார்கள். அடுத்த முறை எப்போதென்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. தெரு ஓரத்துக் கடல்மணலில் எங்கேயாவது குழி வெட்டவேண்டியதுதான்.

முந்தாநாள் அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன இந்த மணலுக்க போட்டிராத புள்ள. நம்மட மண்ணுக்குக் கொண்டு போ." முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் கேட்டதெல்லாம் சோறும் வெற்றிலையும்தான். இது ஒன்றைத்தான் மேலதிகமாகக் கேட்டார். இதையும் செய்யாவிட்டால் அவள் என்ன பொம்பிளை?

மருமகன் சதீசன்தான் பயந்தான். பயப்படாமல் என்ன செய்வான், இளந்தாரிப் பொடியன்.

"மாமி, பிடிச்சானெண்டா முதல்ல என்னத்தான் இழுப்பான். பொய் சொல்லிப் பிரேதம் கடத்தினவன் எண்டு."

"நீங்க நடந்து வாங்க மருமகன். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"மறுகா வேன ஆர் ஓட்டுற? நீங்களா?"

கேட்டுவிட்டு அவன் குனிந்து ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தான்.

புருஷனின் தாடையைச் சேர்த்துத் தலையோடு துவாயால் சுற்றிக் கட்டினாள் கனகமணி. குளிருக்குக் கட்டியதுபோல் இருந்தது. கால் பெருவிரல்களைக் கட்டவில்லை. கட்டினால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். துவைத்த துணிகளை வேனுக்குள்ளேயே முன்னும் பின்னும் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சாறன், சட்டை, படுக்கைத் துணி, மகளின் சட்டைகள். வேனுக்குள் துணி காயப்போடுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இரண்டரை மாதமாக அப்படித்தான் காயவைத்தார்கள்.

பாலத்தடியில் வெயில் ஏறிவிட்டது. அவர்களுக்கு முன்னால் இருந்த உழவு இயந்திரங்களும் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பின்னால் கண்ணகை குடும்பத்தின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கலாஜினி உதட்டைக் கடித்துக் கடித்து இரத்தம் வரவைத்துவிட்டாள்.

சதீசனை இறக்கிக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். இன்னொரு ஆமிக்காரன் தாளும் பேனையுமாக வந்து பக்கக் கதவை இழுத்தான். ஈரத் துணிகளைக் கையால் விலக்கினான்.

"எத்தன ஆள்?"

"நாலு பேர்."

"இது? எழும்பச் சொல்லு."

"காய்ச்சல் ஐயா. எழும்ப ஏலாது."

அந்த நேரம் பார்த்துச் சாறனின் கரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நேராக மூடிய கண்ணிமையில். கண் சிமிட்டவில்லை. இன்னொரு சொட்டு விழுந்தது. அது மூக்கோரமாக வழிந்து துவாய்க்குள் போனது. ஆமிக்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். ஐயோ, பிழியாமல் போட்டேனே, பாவி நான், என்று கனகமணியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பிழிஞ்சு போடு எண்டு சொன்னாக் கேக்கிறியா!" என்று மகளை ஏசிக்கொண்டே பாய்ந்துபோய் முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள். முகம் குளிர்ந்து கிடந்தது.

"இந்த ஆள் பேர் என்ன?"

கலாஜினிதான் சொல்லவேண்டும். எப்போதும் அவள்தான் சொல்வாள். கனகமணி தன் ஆயுளில் புருஷன் பேரைச் சொன்னதில்லை. சங்கக்கடையில் பிள்ளைகள் சொல்வார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவன் விடாப்பிடியாய்க் கேட்டபோது காற்றில் ஒரு வேல் கீறிக் காட்டினாள். வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. கண்ணகையும் அன்றைக்கு அங்கே நின்றாள், வருஷக்கணக்காய் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலிபண்ணினாள். பெண்சாதி பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை.

கலாஜினி வாயைத் திறந்தாள். அழுகைதான் வரப்பார்த்தது. மூடிக்கொண்டாள்.

"பேர்?" ஆமிக்காரன் தாளைப் பேனையால் தட்டினான்.

இனிக் குறைய என்ன கிடக்கு, என்று நினைத்தாள் கனகமணி.

"வேலப்போடி," என்றாள். உரக்கவே சொன்னாள்.

பின்னால் லாண்ட்மாஸ்டரில் இருந்த கண்ணகையின் தலை சடாரென்று நிமிர்ந்தது. திறந்த கதவுக்கூடாகக் கனகமணியைப் பார்த்தாள். தொங்குகிற துணிகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணகைக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? அவளுடைய கை மார்புக்கு எழும்பியது, வாய் திறந்தது, மூச்சை உள்ளே இழுத்தாள். கனகமணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது.

"என்ன வேலப்போடி அண்ணன்!" என்று கத்தினாள் கண்ணகை. "ஒரு காய்ச்சலுக்கு இந்த நடிப்பா? பொம்பிளை பேர் சொல்லுமட்டும் படுத்துக் கிடக்கிறீங்களே, வெக்கமில்லையா? உங்கட வேனால நாங்க வெயில்ல கருகிறம். ஊருக்குப் போய்ப் படுங்க, ஆர் வேணாமெண்ட!"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. கண்ணகையின் கன்னத்தில் தண்ணீர் தாரைதாரையாய் ஓடியது. வேர்வையைத் துடைப்பதுபோல் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கெதியா விடுங்க ஐயா, கைப்பிள்ளை கிடக்கு," என்று அவனையும் விரட்டினாள்.

ஆமிக்காரன் எரிச்சலோடு தாளில் ஒரு கோடு கீறினான். "போ, போ."

சதீசன் ஓடிவந்து ஏறினான். வேன் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. சதீசன் திரும்பிப் பாராமல் ஓட்டினான். கலாஜினி அப்பாவின் ஈரச் சட்டையை இழுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள்.

படுவான்கரை மண் ரோட்டில் வேனின் சில்லு இறங்கிக் குலுங்கியபோது கனகமணி துணிகளை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் இருந்தாள். துவாய் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள். காதோரம் குனிந்தாள்.

"இஞ்சாருங்க, பேரச் சொல்லிப்போட்டன். கோவிக்காதீங்க."