இணைப்பு மையத்தின் பேனர்

எழில்மொழியிடம் அவள் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், கல்லூரியில் ஆளாளுக்குக் கடிகாரம் பார்ப்பார்கள். இத்தனைக்கும் விஷயம் எளிதுதான். கணினியில் ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறதல்லவா, அந்த இணைப்புகளைப் பற்றிய படிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்புறம், எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் முதல் என்பாள்.

திருவொற்றியூரின் அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் இதற்கென்று இருந்தது ஒரே ஒரு அறை. அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தார் முதல்வர் ஜார்ஜ். "மத்த துறைகளோட இதுக்கு என்ன சம்பந்தம்னு திங்கட்கிழமை காட்டு எழில். இல்லன்னா ரூமைக் காலி பண்ணிடும்மா."

அவளும் வாசல் வாசலாக ஏறினாள். நூலகர் பிராங்கிளின், "இது கம்ப்யூட்டர்மா" என்றார். கணினித் துறைத் தலைவி சாரா, "இது லைப்ரரி சமாச்சாரம்" என்றார். ஆங்கிலத் துறையில் காப்பி மட்டும் கொடுத்தார்கள். இணைப்பை ஆராய்கிற படிப்புக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவளுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

எம்.கே.பி. நகரில் அண்ணன் பீம்ராவின் பேனர் கடைக்குப் போனால் அங்கே ஒரே ரகளை. காதுகுத்து பேனரில் பெரிய மாமன் படம் சின்ன மாமன் படத்தைவிடச் சின்னதாகிவிட்டதாம்.

"வருசக்கணக்கா அந்த வூட்டு வாசப்படி மிதிக்காத ஆளு அந்தப் பெரிய மாமன், எழிலு," தலையில் அடித்துக்கொண்டான் பீம்ராவ். "இப்ப மூஞ்சி சின்னதா கீதுன்னு பேஜாரு பண்ணிகினு கீறாரு."

எழில்மொழிக்குப் பொறி தட்டியது. "அண்ணே, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடேன்."

திங்கட்கிழமை காலை பேனர் கல்லூரி வாசலில் நின்றது. நடுவில் அவள் படிப்பின் பெயர், சுற்றிலும் துறைத் தலைவர்களின் சிரித்த முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கோடு. தன் கோடு ஏன் சாராவின் கோட்டைவிட மெலிசாக இருக்கிறது என்று பிராங்கிளின் ஓடிவந்தார். சாராவுக்குப் பழைய போட்டோவைப் போட்டுவிட்டார்களே என்று வருத்தம். படமே இல்லாத வேதியியல் கிருஷ்ணப்பன்தான் ஆடித் தீர்த்துவிட்டார்.

"மூலக்கூறுன்னாலே இணைப்புதானே! எங்களை விட்டுட்டு இவங்களுக்கு என்ன சம்பந்தம்?"

எல்லாத் துறையும் இப்படி உரிமை கொண்டாடுவதைப் பார்த்து ஜார்ஜ் உருகிப்போனார். அன்றைக்கே 'பல்துறை இணைப்பு மையம்' பிறந்தது. வயதில் மூத்தவர் என்று கிருஷ்ணப்பனை இயக்குநர் ஆக்கினார்கள். இயக்குநருக்கு அறை வேண்டாமா? எழில்மொழியின் அறையைக் கொடுத்தார்கள். அவள் கணினி மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

வாசலில் புது பேனர் ஏறியது. எல்லாத் துறைக்கும் எல்லாத் துறையோடும் தடித்தடியாகக் கோடுகள். அவள் முகமும் இல்லை, அவள் படிப்பின் பெயரும் இல்லை.

"சார், மையத்துக்குள்ள ஆராய்ச்சின்னு ஒண்ணுமே இல்லையே?"

ஜார்ஜ் கனிவாகச் சிரித்தார். "நீதானேம்மா சொன்னே? உள்ள என்ன இருக்குங்கறது அப்புறம். எது எதோட சேர்ந்திருக்குங்கறதுதான் முதல்னு."

இத்தனை வருஷத்தில் அவள் ஆராய்ச்சியை ஒருவர் பிழையில்லாமல் மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை.