உருளைக்கிழங்குச் சாராயமும் ரீகா ஒப்பந்தமும்

எஸ்தோனியா ருஷ்யப் பேரரசிலிருந்து விடுதலையாகிப் பத்து வருஷம் ஆகவில்லை. அதற்குள் தலைநகர் தாலினில் எத்தனை ஆட்சிகள் வந்து போயின என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஒப்பிக்க வராது. வில்லெம் கூர்விட்ஸ் வெளியுறவு அமைச்சராவது இது மூன்றாம் முறை. முந்தைய இரண்டு முறையும் லாத்வியாவோடு சுங்க ஒப்பந்தம் பேசி முடித்து, பேனாவை மசியில் தொடும் நேரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்றிருந்தார். வியாழக்கிழமை ரீகாவிலிருந்து லாத்வியாவின் வெளியுறவு அமைச்சர் அர்விட்ஸ் ப்ரீடே கையெழுத்துப் போட வருகிறார். வால்கா ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு எல்லை ஓடுகிறது. எதிர்ச்சாரி லாத்வியாவில் வாழ்க்கைப்பட்ட தம் அக்காளுக்கு ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பினாலும் சுங்கம் கட்டவேண்டியிருக்கிற வயிற்றெரிச்சல் அன்றோடு தீரும்.

புதன்கிழமை காலை சொந்தக் கட்சியே காலை வாரியது. உழவர் கட்சித் தலைவர் மிஹ்கெல் பாயு நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் அவரை மறித்தார். உருளைக்கிழங்குச் சாராயத்தின் கொள்முதல் விலையை அரசு குறைத்துவிட்டதாம். அதனால் கட்சி கூட்டணியை விட்டு விலகுகிறதாம். மாலையிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானமாம்.

"வெள்ளிக்கிழமை கவுத்துக்கயேன், மிஹ்கெல். ரெண்டு நாள் பொறுத்தா உன் கிழங்கு அழுகியா போயிடும்?"

"உன் ஒப்பந்தத்தைக் காய்ச்சிக் குடிக்க முடியுமாடா? சாயங்காலம் மரியாதையா கையைத் தூக்கு. இல்லேன்னா கட்சியில உனக்கு இடமில்ல."

இருவரும் ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்த உரிமையில் வந்த 'டா' அது.

மாலையில் கட்சிக்காரர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். கூர்விட்ஸ் மட்டும் இரண்டு கைகளையும் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஓட்டுக் குறைந்து தீர்மானம் தோற்றது. வெளியே போகும்போது பாயு அவரைப் பார்த்துத் தொப்பியைத் தொடக்கூட இல்லை. போகட்டும், ஒப்பந்தமாவது மிஞ்சியது என்று கூர்விட்ஸ் நேரே தொலைபேசிக்குப் போனார். அவரும் ப்ரீடேயும் எப்போதும் ருஷ்ய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். இருவர் நாட்டையும் ஆண்டவர்கள் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான்.

"தப்பிச்சோம், அர்விட்ஸ். காலையில ஸ்டேஷனுக்கு நானே வரேன்."



"பெட்டியைப் பிரிச்சுட்டேன், வில்லெம். எங்க ஆட்சி மத்தியானமே விழுந்துடுச்சு."

"எதுக்காம்?"

"வெண்ணெய் விலைக்கு."

"அதை மத்தியானமே சொல்றதுக்கென்னய்யா? என் கட்சியாவது மிஞ்சியிருக்கும்."

சொல்லத்தான் கூப்பிட்டாராம். அமைச்சர் சபையில் இருக்கிறார், இப்போது கூப்பிட முடியாது என்று கூர்விட்ஸின் அலுவலகத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்களாம். வரைவை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார் ப்ரீடே. மூன்றாம் முறையாகச் சொன்னார்.

வீட்டில் மனைவி லைடா விருந்துக்காகப் புகைபோட்ட விலாங்கு மீன் வாங்கி வைத்திருந்தாள். நடந்ததையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். கடைசியில், இத்தனை மீனை என்ன செய்வது என்றாள். வால்காவுக்கு, அக்காளுக்கு அனுப்பிவிடு என்றார் அவர்.

"அனுப்பலாம். சுங்கம் யார் கட்டறது?"

கூர்விட்ஸ் கத்தியை எடுத்து, விலாங்கைத் தாமே நறுக்கத் தொடங்கினார்.