ஐம்பத்திரண்டில் மூன்று

கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருந்தாலே பதின்மூன்று சரியாக வந்திருக்க வேண்டும். பெனிஷாவுக்கு மூன்றுதான் வந்திருந்தது.

பெரிய கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்காக அவள் இதுவரை ஐந்து மாதிரித் தேர்வுகள் எழுதியிருந்தாள். கணக்குப் பகுதியில் முழுதாகச் செய்து முடித்தவை பெரும்பாலும் சரி. நேரம் போதாமல் பாதியில் விட்டு, கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டியவை ஐந்திலும் சேர்த்து ஐம்பத்திரண்டு. நாலுக்கு ஒன்று என்று பார்த்தால், கணக்கே தெரியாதவனுக்கும் பதின்மூன்று அமையும். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் கூடும், தவறுக்கு ஒன்று குறையும், காலியாக விட்டால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பதின்மூன்று சரிக்கு முப்பத்தொன்பது வரும், மீதி முப்பத்தொன்பது தவறுக்கு முப்பத்தொன்பது போகும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவளுக்கோ நாற்பது மதிப்பெண் போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையையே தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். பதினான்கு சரி. கணக்குத் தெரிந்த ஒருத்தி, ஒன்றும் தெரியாதவனைவிட மோசமாகத் தட்டுவது எப்படி?

அவளுக்கு முத்தையாபுரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர் வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிவந்து, நெளிவு, துரு, கதவு ரப்பர் எல்லாம் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும். மூன்று வருடப் பழக்கம். எதையும் காலியாக விட அவளுக்குக் கை வராது.

இப்போது கொச்சிக் கிளைக்கு மூத்த சர்வேயராகப் போகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். போனால் படிப்பு அதோடு சரி. போகாமல் இருந்து, தேர்விலும் கோட்டை விட்டால் இரண்டும் இல்லை. கணக்கில் முப்பதைத் தாண்டினால் நம்பி இருக்கலாம். ஐந்து தேர்விலும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

“நீ வேண்டாம்னா அடுத்து எம்பேருதான்,” என்றான் ஜாபேஸ். யார்டு வாசலில் பெட்டி எண்களைக் கணினியில் பதிவு செய்கிறவன், அவள் வயதுக்காரன், மாதாவைக் கும்பிடாத சி.எஸ்.ஐ. சபைக்காரன். “நீ பரீட்சை பாஸாகணும்னு உங்க மாதாவுக்கு நானே மெழுகுதிரி ஏத்துதேன்.”

“சர்ச்சுல உங்க ஐயர் கேட்டா என்னலே சொல்லுவ?”

“கொச்சியில சம்பளம் கூடுதல்னு சொல்லுவேன். அவரும் ஒண்ணு ஏத்துவாரு.”

வியாழக்கிழமை காலை அவள் எழுதிக் கொடுத்த ஒரு பெட்டி எண்ணைக் கணினி வாங்க மறுத்தது. ஜாபேஸ் மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“ஏளா, நாப்பத்தேழை எழுபத்துநாலுன்னு எழுதியிருக்க. பெட்டி அங்கன நிக்கி, கம்ப்யூட்டர் இங்கன இருக்கு. பாக்காமலே எப்படிக் கண்டுபிடிக்கு?”

இப்படிக் கேட்டால் பெனிஷாவுக்குப் பிடிக்கும். ஒரு தாளை எடுத்தாள். “கடைசி எண் இருக்குல்லா, அது பெட்டியோட எண்ணே இல்ல. முன்னால உள்ள ஒவ்வொண்ணையும் அது நிக்கிற இடத்துக்குத் தக்க ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருக்கிக் கூட்டணும். பதினொண்ணால வகுத்து வார மீதிதான் கடைசி எண். ரெண்டு எண்ணு இடம் மாறிட்டுன்னா பெருக்கமும் மாறும், மீதியும் மாறும். அவசரத்துல எழுதுறவன் பக்கத்துப் பக்கத்து எண்ணைத்தான் மாத்தி எழுதுவான். அதுக்காகவே இப்படி வச்சிருக்கு.”

“அப்ப இதைச் செஞ்சவன் நாம எங்கன தப்பு பண்ணுவோம்னு முன்னயே தெரிஞ்சு வச்சிருக்கான்.”

பெனிஷா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடிக்கணினியைத் திறந்தாள். தவறாகிப்போன முதல் கணக்கு: ஒரு பொருளின் விலையை நாற்பது சதவீதம் ஏற்றிக் குறித்து, இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி செய்தும் அறுநூறு ரூபாய் லாபம், குறித்த விலை என்ன? அடக்க விலை பன்னிரண்டாயிரம் என்பதுவரை கண்டுபிடித்திருந்தாள். விடைகளில் பன்னிரண்டாயிரம் இருந்தது. நேரம் முடியப்போகிறதே என்று தட்டிவிட்டாள். சரியான விடை பதினாறாயிரத்து எண்ணூறு. இன்னும் ஒரு பெருக்கல்தான் பாக்கி.

அடுத்ததும் அப்படித்தான் இருந்தது. நாற்பத்தொன்பது தவறுகளையும் எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் அவள் தட்டியது, பாதி வழியில் கையில் இருந்த எண். பாதியில் நிற்பவர்கள் எந்த எண்ணோடு நிற்பார்கள் என்று கேள்வி எழுதியவர் முதலிலேயே செய்து பார்த்து, அதையே ஒரு விடையாக வைத்திருக்கிறார். கண்ணை மூடித் தட்டுகிறவன் நாலில் ஒரு தடவைதான் அதில் விழுவான். கணக்குத் தெரிந்தவள் தேடிப்போய் விழுந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் ஆறாவது மாதிரித் தேர்வை எழுதினாள். எட்டுக் கேள்விகளைக் காலியாக விட்டாள். ஒவ்வொரு முறையும் விரல் தானாக அந்தப் பாதி வழி எண்ணுக்கே போனது. கணக்கில் முப்பத்துநான்கு வந்தது.

சனிக்கிழமை மேலாளரிடம், கொச்சிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“மெழுகுதிரிக்கு வேலையே இல்லாம போச்சே,” என்றான் ஜாபேஸ். “அப்படி என்னத்தளா கண்டுபிடிச்ச?”

“பாதியில நிக்கிற கணக்குல, கையில இருக்கிற எண்ணு விடையில இருந்தா, அதைத் தொடக்கூடாது. நேரம் இருந்தா முடிக்கணும். இல்லன்னா காலியா விடணும். விடையை நாமளே எழுதுற கேள்வின்னா மட்டும் தப்புக்குக் குறைக்க மாட்டாவ. அங்கன கட்டத்தைக் காலியா விடக்கூடாது. அவ்வளவுதான்.”