சுப்பையன் மலையிறங்கிய விதம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது இல்லை, அதனால் நம்பும்படி இருக்கும்.

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு ஏறாத மலையூர் ஒன்றில் என் அக்கா மகள் தனப்பிரியா டீச்சராக இருக்கிறாள். திங்கட்கிழமை கோவேறு கழுதைமேல் ஏறிப் போவாள், வெள்ளிக்கிழமை இறங்குவாள். ஒரு திங்கட்கிழமை நானும் வருகிறேன் என்று அஸ்தம்பட்டியிலிருந்து தொற்றிக்கொண்டேன். (மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். காரணம் கடைசியில்.)

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "மூடுபனி மலையை ஒரு தாயைப் போல—"

அன்று மூடுபனியே இல்லை. முந்தின நாள் மழையில் தடமெல்லாம் சேறாகக் கிடந்தது.

இரண்டாவது: "சுப்பையன் செத்துப்போன அன்று—"

சாவு வைத்தால் கதைக்குக் கனம் கூடும் என்று ஒரு நப்பாசை. ஆனால் அன்று காலை ஒன்றரை மணி நேரம் அவர் செத்துவிட்டார் என்றே நினைத்திருந்தோம். அதை இன்னொரு தரம் அனுபவிக்க எனக்குத் தெம்பில்லை. வாசகரே, சுப்பையன் உயிரோடு இருக்கிறார். நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

3

அடிவாரத்தில் பதினோரு பேர் கோவேறு கழுதை ஓட்டுகிறார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. டீச்சர் ஏறலாம், நர்ஸ் ஏறலாம், என்னைப் போன்ற தொப்பைக்காரனும் ஏறலாம். ஓட்டுகிறவன் மட்டும் ஏறக் கூடாது.

ஒரு நாள் அவர்களில் ஒருவரான கந்தப்பன் காய்ச்சல் தாங்காமல் தன் செவலைக் கழுதைமேல் ஏறி மலையிறங்கி வந்தார். பார்த்தது, கூடவே கழுதை ஓட்டும் அவருடைய இருபது வருடச் சிநேகிதர் சுப்பையன் ஒருவர்தான். அவர் சும்மா சிரிப்புக்காக டீக்கடையில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து கந்தப்பனுக்கு 'பேசஞ்சர்' என்று பெயர். இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை.

(இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கந்தப்பன்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நானும் என் தம்பியும் பேசாமல் இருப்பதற்கான காரணத்தை என் மனைவி நினைவுபடுத்தினாள். சந்தேகத்தை விட்டுவிட்டேன்.)

4

நாங்கள் போன திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, விடியலில் மேலே போன சுப்பையனின் மயிலைக் கழுதை, ரேஷன் அரிசி மூட்டைகளோடு தனியாக இறங்கி வந்து நின்றது. ஆளைக் காணோம். அவர் போனுக்கு அடித்தால் மணியே போகவில்லை.

அப்படி வந்த கழுதையின் சுமையை இறக்கக் கூடாது. திருப்பிவிட்டால் ஆளை விட்ட இடத்துக்கே போய் நிற்கும். சுமை இறங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும், அப்புறம் யார் சொன்னாலும் நகராது. இது கந்தப்பனுக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஓடி வந்த மனிதர் முதல் காரியமாகக் கயிற்றை அவிழ்த்து மூட்டைகளைக் கீழே தள்ளினார். மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க சாமி உட்டுட்டு வந்த?" என்று கேட்டார்.

"ஏனுங்க, சொமைய எறக்கிப்போட்டீங்களே," என்றாள் தனப்பிரியா.

கந்தப்பன் தன் கைகளைப் பார்த்தார். திரும்பவும் மூட்டைகளை ஏற்றினோம். மயிலை ஓரடிகூட எடுத்துவைக்கவில்லை.

"நானே அவனக் கொன்னுபோட்டனுங்க டீச்சர்."

5

மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு தடத்தில் பிரிந்து போனார்கள். கந்தப்பன் செவலையை ஓட்டிக்கொண்டு முன்னால் ஏறினார். நானும் தனப்பிரியாவும் பின்னால் நடந்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் செவலையின் கழுத்து மணி மட்டும்தான் கேட்டது.

ஒரு வளைவில் பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மணிக் கவுத்த மாத்துன்னு போன வருசமே சொன்னேன். நாக்கு இன்னும் ஒரு பக்கமாத்தான் அடிக்குது."

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. கந்தப்பன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். தனப்பிரியாவும் அழுதாள். நான் எழுத்தாளன் என்பதால் விலகி நின்று கவனித்து— இல்லை, நானும்தான்.

சுப்பையனுக்குக் கணுக்கால் போயிருந்தது. தூக்கி மேலே கொண்டுவந்தோம்.

"ஏறு," என்றார் கந்தப்பன்.

"நடந்தே வாரேன்."

"எங்க, ஒரெட்டு வெய்யி பாக்கலாம்."

வைக்க முடியவில்லை. ஏறினார். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

6

டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் கந்தப்பன் செவலையை நிறுத்தினார். "எறங்கு," என்றார். தோளில் கைபோட்டு மீதித் தூரத்தை நொண்டவைத்தே கூட்டிப் போனார்.

ஒன்பது பேரும் திரும்பி வந்திருந்தார்கள். "எப்படிப்பா வந்து சேந்த?" என்று அவர்களில் ஒருவரான சின்னண்ணன் கேட்டார். சுப்பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நடந்துதான் வந்தான். நான் கூட இருந்தன்ல," என்றார் கந்தப்பன்.

சுப்பையனின் கால் பூசணிக்காய் கணக்காக வீங்கியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"பின்ன, நடக்காம?" என்றார் சின்னண்ணன். டீ வந்தது. ஆட்டோவுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

7

முடிவு அ: இருவரும் மறுநாள் சேர்ந்து ஒரே—
முடிவு ஆ: புது மணிக் கயிறு வாங்கிக்கொண்டு சுப்பையன்—

இரண்டும் வேண்டாம். எனக்கு வேறொரு சங்கடம் இருக்கிறது. சுப்பையன் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கந்தப்பன், தனப்பிரியா, நான். அவர்கள் இரண்டு பேரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. நான்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன். எட்டு மாதத்துக்கு முன் சுப்பையன் செய்த அதே காரியம்.

மலையின் பெயரை மறைத்தது இதனால்தான். நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துப் போவீர்கள். போனால் அந்தக் கடையில் டீ குடிப்பீர்கள். சின்னண்ணன் பேச்சுவாக்கில் கேட்பார்: "ஏனுங்க, அன்னிக்கி சுப்பையன் எப்படி வந்தான்னு ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

டீ சூடாக இருக்கும். ஊதிக் குடித்துவிட்டு, நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.